கத்திரிக்காய் முறை

புருஷனின் கைலியை வாளித் தண்ணீரில் முக்கியதும் அந்த வாடை எழும்பியது. மலிகா கையை வெளியே இழுத்துக்கொண்டாள். போன வருஷம் பக்கத்து வயல் அய்யனாரின் ஆடுகள் வரப்போரம் நுரை தள்ளிக் கிடந்தபோது இதே வாடைதான் வீசியது.

மாட்டுக் கொட்டகைக்கு ஓடினாள். வைக்கோலுக்குப் பின்னால் மண்டையோட்டுப் படம் போட்ட தகர டப்பா இருந்தது. பாதி காலி.

கத்திரிக்கு மருந்து அடித்திருக்கிறான். அவள் பேசியிருந்தால் அவனே சொல்லியிருப்பான். சிதம்பரத்தில் இருக்கும் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவதாகச் சொல்லிவிட்டு, நூருல் அமீன் தனியாகப் போய் இந்த டப்பாவோடு திரும்பி வந்ததிலிருந்து அவள் வாய் திறக்கவில்லை. சோற்றைத் தட்டால் மூடி வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவாள். அவனும் வீறாப்புக்காரன். தின்றுவிட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவான்.

குடிகாட்டுப் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டுக்கு அரிசியும் பருப்பும் சர்க்கார் பணத்தில் வரும். காய் மட்டும் ஊரார் வீட்டுக்கு வீடு முறை வைத்துக் கொடுப்பது. இன்று அவர்கள் வீட்டு முறை. அவனிடம் கேட்க ரோஷம் விடவில்லை; விடியற்காலையில் அவளே கொல்லையில் இறங்கிப் பறித்தாள். காய்களெல்லாம் ஈரமாக இருந்தன. பனி என்று நினைத்து அப்படியே பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிட்டு வந்தாள்.

முக்காடு நழுவியது தெரியாமல் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். பாதி வழியில் டணார் டணார் என்று தண்டவாளத் துண்டை அடிக்கும் சத்தம் கேட்டது. சாப்பாட்டு மணி.

பிள்ளைகள் அலுமினியத் தட்டுகளோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சோறு விழுந்திருந்தது. ஆயா சவரியம்மாள் சாம்பார்க் கரண்டியை முதல் தட்டின் மேல் சாய்க்கப் போனாள். மலிகா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊத்தாதீங்கக்கா."

"என்னா புள்ள, பேயறஞ்ச மாதிரி ஓடியார?"

"காயில மருந்து. பூச்சி மருந்து."

சிங்காரம் வாத்தியார் தட்டுகளைப் பார்த்துக்கொண்டே வரிசை முழுக்க நடந்தார். எல்லாம் வெறும் சோறு. அவர் பெருமூச்சு விட்டார். விட்ட மூச்சு பாதியில் நின்றது. பிள்ளைகளுக்குப் பரிமாறுமுன் சமைத்தவர் ஒரு கை தின்று காட்ட வேண்டும் என்பது அவரே போட்ட சட்டம்.

"சவரியம்மா, நீ..."

"ஒரு கை தின்னேன் சார்." அவள் கரண்டியை மெதுவாக அண்டாவுக்குள் விட்டாள். "நல்லாத்தான் இருந்துச்சு."

கடலூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி பூட்டினார்கள். புறப்படும் நேரத்தில் நூருல் அமீன் சேதி கேட்டு வயற்சேற்றோடு ஓடிவந்து தொற்றி ஏறினான்.

"எந்தப் பாத்தியில பறிச்ச?"

"கெணத்தோரம். கூடை நெறையல. அப்பால தென்னண்டை கொஞ்சம்."

அவன் முகம் வெளுத்தது. "கெணத்தோரம் அடிக்கல. முறைக்குன்னு விட்டு வெச்சேன். தென்னண்டை அடிச்சேன்."

"ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா மச்சான்?"

"யாருகிட்ட சொல்றது? கவுத்து வெச்ச தட்டுகிட்டயா?"

மலிகா சவரியம்மாளின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். அது பிசுபிசுவென்று வியர்த்தது. வெயிலா, விஷமா? அய்யனாரின் ஆடுகள்கூட முதலில் நன்றாகத்தான் நின்றன.

"ஏன் புள்ள என் கையைப் போட்டு நெரிக்கிற? மருந்துல சாவலன்னாலும் உன் புடியில செத்துருவேன் போலிருக்கே."

மலிகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கடலூருக்குள் நுழையும்போது சவரியம்மாளே பேச்சை நிறுத்திக்கொண்டாள். அது இன்னும் பயமாக இருந்தது.

டாக்டர் கண்ணிமையை விரித்துப் பார்த்தார். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைத்தார். சாயங்காலம்வரை உட்கார வைத்துத் திரும்பத் திரும்ப நாடி பார்த்தார். ஒவ்வொரு தடவை அவர் வரும்போதும் மலிகா எழுந்து நின்றாள். அவர் போனதும் புருஷன் தோளில் சாய்ந்து உட்கார்ந்தாள். கடைசியில், "கூட்டிட்டுப் போங்க. ராத்திரி தனியா படுக்க விடாதீங்க" என்றார்.

"எங்க வீட்டுக்குத்தான் வராங்க" என்றாள் மலிகா, யாரையும் கேட்காமல்.

ஊர் எல்லையில் வண்டி ஆட்டம் தாங்கவில்லை என்று சவரியம்மாள் இறங்கி நடந்தாள். இருவரும் பின்னாலேயே போனார்கள்.

"இனிமே சண்டை போட்டாலும் மருந்தப் பத்தி மட்டும் பேசிக்கணும்" என்றான் அவன்.

"காயப் பத்தியும்."

முன்னால் சவரியம்மாள் கல் தடுக்கித் தடுமாறினாள். மலிகாவின் விரல்கள் அவன் கைக்குள் புகுந்து இறுகின.

"கல்லுதான்" என்று திரும்பாமலே சொன்னாள் சவரியம்மாள். "அடுத்த முறைக்குப் பூசணிக்கா குடுங்க. மொதல்ல நீங்க ரெண்டு பேரும் தின்னுட்டுக் குடுங்க."

மலிகா தலையாட்டினாள். கண் மட்டும் அந்தக் கால்களை விட்டு நகரவில்லை.