மெஷினுக்கு விட்ட எண்ணெய்

பெட்டியைப் பிரித்துத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு ரிஃபாத் நான்காவது தடவையாகத் தேடினான். சைக்கிளுக்கு வரவழைத்த புது பிரேக் பிடிகள் இரண்டும் இருந்தன, கறுப்புக் குழாய்கள் இருந்தன, எண்ணெய் ஏற்றுகிற ஊசி இருந்தது. எண்ணெய்ப் பாட்டிலைத்தான் காணோம். அனுப்பியவனை வாய்க்கு வந்தபடி திட்டி முடித்த நேரத்தில் ஹஃப்சா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“அந்தச் சின்ன பாட்டிலா? தையல் மெஷினுக்கு விட்டுட்டேனே.” முகமெல்லாம் சிரிப்பு. “நேத்து பார்சல் வந்தப்ப நீங்க இல்ல, நான்தான் பிரிச்சேன். ரெண்டு வாரமா எண்ணெய் கேட்டுக்கிட்டே கெடந்தேன்லா, மறக்காம சேத்து வரவழச்சிட்டியளே! மிச்சத்த பக்கத்து வீட்டு ரஹ்மத்துன்னிசா லாத்தாவுக்குக் குடுத்துட்டேன். அவுக மெஷினும் கெடந்து கத்துதுல்லா.”

அவள் கேட்டது நிஜம், தினமும் கடைத்தெருவுக்குப் போய்விட்டுக் கையை வீசிக்கொண்டு வந்ததும் நிஜம். மறந்தவன் இவன்தானே. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவள் கேட்ட ஒரு சாமானை நினைவு வைத்து வாங்கி வந்ததாக அவளே நம்புகிறாள். அதைப் போய்க் கெடுப்பானேன்?

“ஒனக்குத்தான் போடச் சொன்னேன்,” என்றான். அந்த ஒரு வார்த்தையோடு உண்மையைச் சொல்லி மிச்சத்தைத் திருப்பி வாங்கும் வழியும் அடைபட்டுப் போயிற்று.

அந்தத் தையல் மெஷின் பெரிய சத்தக்காரி. ஓடினால் தெருமுனை வரை கேட்கும். ஷார்ஜாவிலிருந்து அவன் பேசும்போதெல்லாம் போனுக்குப் பின்னால் அதுதான் தடதடவென்று அடிக்கும். ‘அத நிறுத்திட்டுப் பேசேன்’ என்று எத்தனையோ முறை எரிந்து விழுந்திருக்கிறான். ஒரு நாளும் நிறுத்தினதில்லை, அவ்வளவு பிடிவாதம். ஆறு வருஷத்தில் சேர்ந்திருந்ததே ஏழு மாதம். இனிமேல் போவதில்லை என்று ஆண்பிள்ளை மாதிரி சொல்லிவிட்டுத்தான் இந்த முறை வந்திறங்கினான். ஆனால் பாஸ்போர்ட் இன்னும் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜெண்டிடம்தான் இருந்தது. போவதா இல்லையா என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அதற்கு முந்தின நாள், சனிக்கிழமை காலையில், குற்றாலத்தில் ஒரு விடுதி மேனேஜர் வரச் சொல்லியிருந்தார். சுற்றுலா வருகிறவர்களை ஐந்தருவிப் பக்கம் சைக்கிளில் கூட்டிப்போக ஆள் வேண்டுமாம், மலையேறுகிற சைக்கிள் சொந்தமாக இருக்க வேண்டுமாம். புனலூரில் ஒருவர் ஓட்டித் தேய்த்த சைக்கிளை அதற்காகத்தான் வாங்கினான். ஒரே குறை, எண்ணெய் அழுத்தத்தில் பிடிக்கிற அதன் பிரேக்கை அழுத்தினால் பிடி கைப்பிடியோடு போய் ஒட்டிக்கொள்ளும், எண்ணெய் வேறு கசியும்.

எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு காந்திமதிநாதன் கடைக்குப் போனான். தென்காசியில் பைக் பிரேக்குக்கு அவரை விட்டால் ஆள் கிடையாது, அவரே அப்படித்தான் சொல்லுவார். கூடவே வந்த காகிதத்தை நீட்டி, “அண்ணாச்சி, இதுக்கு வேற எண்ணெயின்னு போட்டிருக்கு. மோட்டார் பைக்கு பிரேக் எண்ணெய் ஆவாதாம்,” என்றான்.

“ஏலே, புல்லட்டையே நிறுத்துத எண்ணெய் ஒன் சைக்கிள நிறுத்தாதோ? காயிதத்துல ஆயிரம் எழுதுவான்.”

தப்பென்று தெரிந்துதான் தலையாட்டினான். சனிக்கிழமைக்கு நடுவில் ஒரே ஒரு நாள். அந்த எண்ணெய்க்கு இந்த ஊரில் எங்கே போவது? காந்திமதிநாதன் குழாயை அளந்து வெட்டி, ஊசியால் எண்ணெய் ஏற்றி, காற்றுக் குமிழெல்லாம் போகிற வரை பிடியை அமுக்கி அமுக்கி விட்டார். கைவேலையில் குறை சொல்ல முடியாது. ஒற்றை விரலால் தொட்டால் சைக்கிள் நின்றது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு அதில்தான் போனான். பள்ளிவாசல் வாசலில் காரணமே இல்லாமல் இரண்டு தடவை பிரேக் போட்டுப் பார்த்துக்கொண்டான்.

சனிக்கிழமை சாரல். பாதி வழியிலேயே பிடி திரும்பி வரச் சோம்பல் பட்டது. குளிரினால் இருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டான். விடுதி வாசலில் மேனேஜர் பார்க்கட்டும் என்று சறுக்கி வந்து அழகாகத்தான் நிறுத்தினான். நின்ற சைக்கிள் நின்றதுதான். உள்ளே போன பிடிகள் வெளியே வரவில்லை, சக்கரம் இம்மி அசையவில்லை. மேனேஜர் தள்ளிப் பார்த்தார். புளியரையிலிருந்து சைக்கிளோடு வந்திருந்த இன்னொருவன் கை கொடுத்துத் தூக்கினான். பாவம், நல்ல பையன்.

“ரெண்டு நாள் குடுங்க சார்.”

“ஓட்டம் இன்னைக்கே இருக்கு தம்பி. வாரவங்க உசுரு நம்ம கையிலல்லா? இத நம்பி எப்படி அனுப்ப?”

அவர் சொன்னதில் தப்பே இல்லை. தப்பு இருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். பிரேக் திருகைத் தளர்த்தி எண்ணெயை ரோட்டில் வடியவிட்ட பிறகுதான் சக்கரம் சுற்றியது. தென்காசி வரை நனைந்துகொண்டே தள்ளி வந்தான். காந்திமதிநாதன் பிடியைக் கழற்றி உள்ளே இருந்த ரப்பரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி உப்பியிருந்தது.

“எண்ணெய் பட்ட ரப்பரு பூரா போச்சுலே,” என்றார். “என் புத்திய செருப்பால அடிக்கணும்.”

வீட்டில் ஹஃப்சா துண்டோடு வாசலுக்கே வந்தாள். அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் துண்டைத் தானே பிடித்துக்கொண்டு நின்றாள்.

“வேற ஆள எடுத்துட்டாங்க,” என்றான்.

“பிரேக்கு பிடிக்கலியா?”

“பிரேக்கெல்லாம் நல்லாத்தான் பிடிச்சுது.”

அவள் சோறு போட்டாள், அவன் தின்று முடிக்கிற வரை பக்கத்திலேயே இருந்தாள். பிறகு, “அப்ப ஏஜெண்டுக்குச் சொல்லிருதியளா?” என்றாள்.

“சொல்லணும்.”

அலமாரியைத் திறந்து, அவன் போன தடவை விமானத்தில் போட்டுப் போன பேண்டை எடுத்தாள். இடுப்பில் இரண்டு விரற்கடை பிரித்துவிட வேண்டும், வீட்டுச் சோற்றில் சதை போட்டிருந்தான். மெஷின் முன்னால் அவனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து மிதிக்க ஆரம்பித்தாள்.

சத்தமே இல்லை. சக்கரம் சுற்றியது, ஊசி ஏறி இறங்கியது, தைத்த துணி அந்தப் பக்கம் நகர்ந்து வந்துகொண்டிருந்தது. வெளியே ஓட்டில் விழுகிற சாரல்கூடக் கேட்டது. அப்புறம், இத்தனை வருஷம் போனில் கேட்காத இன்னொன்றும் கேட்டது. அவள் மூக்கை உறிஞ்சினாள். சற்றுப் பொறுத்து மறுபடியும். ஏஜெண்டுக்குப் போட எடுத்த போனை அவன் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். அவள் இன்னும் வேகமாக மிதித்தாள். எவ்வளவு மிதித்தும் அந்த மெஷின் சத்தம் போடவில்லை.