நூற்றுப் பதினேழாம் நம்பர் கேன்

ஒன்பதாவது நாளாக அவளுக்கு முகம் வலித்தது. தலைவலி என்று எல்லோரிடமும் சொன்னாள், ஆனால் தலை சும்மாதான் இருந்தது. இரண்டு கன்னத்துக்குள்ளும் யாரோ ஈர மண்ணை இடித்து அடைத்துவிட்ட மாதிரி கனம். மேல்வரிசைப் பற்கள் ஒவ்வொன்றும் தன் பங்குக்குத் தனித்தனியாகக் குடைந்தன. வலது கண்ணுக்குக் கீழே விரல் பட்டால் போதும், உயிர் போய் உயிர் வந்தது. மூக்கைச் சிந்தினால் மஞ்சளும் பச்சையுமாக வெளியே வரும். சிந்தாவிட்டால் அதுவே தொண்டை வழியாக உள்ளே இறங்கும். இந்த இரண்டில் எது மேல் என்று தேர்ந்தெடுப்பதுதான் காலையில் எழுந்ததும் அவளுக்கு முதல் வேலை.

நோயைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், யோசனை சொல்ல வருகிறவர்களைப் பொறுக்க முடியுமா? நாத்தனார் போன் போட்டு ஆவி பிடிக்கச் சொன்னாள். ஆவி பிடித்தால் உள்ளே இருக்கும் சளி இன்னும் இறுகிவிடும் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. சுடுதண்ணீரில் குளி என்று ஒருத்தி, தலைக்குத் தண்ணீரே ஊற்றாதே என்று இன்னொருத்தி. இத்தனைக்கும் நடுவில் கட்டிய கணவன் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னான்:

"சளிதானே? மருந்து சாப்பிட்டா ஏழு நாள்ல போகும், சாப்பிடலைன்னா ஒரு வாரத்துல போகும்."

"இன்னைக்கு ஒன்பதாவது நாள்," என்றாள் அவள்.

"அப்ப கணக்குல எங்கயோ தப்பு," என்று சிரித்தான். அவள் கையில் அப்போது கொதிக்கிற பாத்திரம் இருந்தது. அதை அவன் தலையில் கவிழ்க்காமல் கீழே வைத்தாளே, அந்தப் பொறுமைக்கே அவளுக்குக் கோயில் கட்டலாம்.

டாக்டர் ஒருவர்தான் உருப்படியாகப் பேசினார். மூக்கை ஒட்டிய எலும்பு அறைகளில் கிருமி புகுந்திருக்கிறது, பத்து நாள் மாத்திரை, உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவ வேண்டும் என்றார். கடைசியில், "கொஞ்ச நாளைக்குக் குனியாதீங்க. வாசனை தெரிய மூணு வாரம்கூட ஆகலாம், பயப்படாதீங்க," என்றார். அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

அவளுடைய வேலையே குனிவதும் முகர்வதும்தான். பால் நிலையத்தில், சுற்றுவட்டாரத்துப் பால் முழுவதும் வந்து இறங்குகிற மேடையில் அவள் நிற்பாள். காலையில் நூற்று நாற்பது கேன்கள் வரும். ஒவ்வொன்றின் மூடியும் திறந்தவுடன் குனிந்து, மூடியின் உட்பக்கத்தை ஒரு மூச்சு, கேனின் வாயை ஒரு மூச்சு முகர வேண்டும். நல்ல பால் என்றால் "போகட்டும்" என்பாள், அது தொட்டிக்குப் போகும். புளிப்போ வேறு வாடையோ இருந்தால் "தள்ளு" என்று கேனில் சிவப்புச் சாக்குக்கட்டியால் பெருக்கல் குறி போடுவாள். அந்தப் பால் வந்த வழியே வீடு திரும்பும். எந்தப் பரிசோதனைக் குப்பியும் அவ்வளவு வேகமாகச் சொல்லாது. அதனால் நிலையத்தில் அவளுக்குப் பெயரே 'மூக்கு' என்றாகிவிட்டது. கணவன்கூடச் சிநேகிதர்களிடம் "எங்க வீட்டு மூக்கு" என்றுதான் அறிமுகப்படுத்துவான்.

மேடைச் சுவரில் ஒரு பலகை தொங்கியது: 'சளி உள்ளவர் மேடையில் நிற்கக் கூடாது.' ஆறு வருடத்துக்கு முன் இதே இடத்தில் நின்ற மனிதர் சளியை மறைத்து, புளித்த பாலைத் தொட்டிக்குள் விட்டு, மொத்தத் தொட்டியும் திரிந்து, வேலையை இழந்தார். அந்தக் காலி இடத்துக்குத்தான் அவள் வந்தாள். வந்தவளை ஆறு வருடமாகத் தற்காலிகம் என்றே வைத்திருந்தார்கள். இந்த வெள்ளிக்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து அதிகாரி வந்து பார்த்துவிட்டு நிரந்தரம் ஆக்குவார் என்று மேலாளர் சொல்லியிருந்தார். அந்த வாரம் பார்த்தா அவள் மூக்கு போய்த் தொலைய வேண்டும்?

திங்கட்கிழமையே அவள் மேலாளரிடம் சாடையாகச் சொல்லிப் பார்த்தாள். "சார், கொஞ்சம் சளி புடிச்சிருக்கு."

"கொஞ்சம்தானே? யாருக்குத்தான் இல்ல? வெள்ளிக்கிழமை முடியட்டும்மா, அப்புறம் ஒரு வாரம் லீவு எடுத்துக்க," என்றார் அவர், பலகைக்கு நேர் கீழே நின்றுகொண்டு.

சரி, வெள்ளி வரைக்கும் ஓட்டிவிடலாம் என்று துணிந்தாள். குளிர்காலம். பால் அவ்வளவு சுலபத்தில் புளிக்காது. எல்லாவற்றையும் "போகட்டும்" என்று விட்டாலே பெரிய மோசம் வராது. ஒரே ஒரு சிக்கல்தான்: மூக்கு என்று பெயர் எடுத்தவள் நாளுக்கு ஒரு கேனாவது தள்ளாவிட்டால் பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வரும். அதனால் முகம் பார்த்துத் தள்ள ஆரம்பித்தாள். பெரிய வண்டியில் முப்பது கேன் கொண்டுவருகிறவர்களைத் தள்ளினால் மேடையே இரண்டுபடும். ஆகவே நூற்றுப் பதினேழாம் நம்பரைத் தள்ளினாள்.

அது ஒற்றைக் கேன்காரருடையது. ஒரே மாடு, ஒரே கேன், ஒரே சைக்கிள். எப்போதும் ஏதோ தப்புச் செய்துவிட்ட மாதிரி முகம். கேன் வாயில் குனிந்தபோது நெற்றி தெறித்தது. மணம் ஒன்றும் தெரியவில்லை. நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்த்தாள். அது வழக்கம்போல் தரையைப் பார்த்தது. "தள்ளு," என்றாள். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. எதிர்த்துப் பேசாததே அவளுக்குச் சாட்சியாகப் பட்டது. மறுநாளும் தள்ளினாள். அதற்கடுத்த நாளும் தள்ளினாள். ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் நொண்டிக்குக் கோபம் என்பார்களே, இந்த மனிதருக்கு எதற்குமே கோபம் வராதா என்று அவர்மேல் எரிச்சல்கூடப் பட்டாள்.

ஒன்பதாவது நாளான வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, கையில் தாள் செருகிய அட்டை. மேலாளர் அவர் பின்னாலேயே குழைந்துகொண்டு நடந்தார். "இவங்கதான் சார் எங்க மூக்கு. மெஷின் தோத்துப்போகும்."

அவள் குனிந்தாள், நிமிர்ந்தாள், "போகட்டும்" என்றாள். ஒவ்வொரு குனிதலுக்கும் நெற்றிக்குள் ஒரு இரும்புக் குண்டு முன்னால் உருண்டு வந்து மோதியது. காது அடைத்துக்கொண்டது. தொண்டையில் கசப்பு இறங்கிக்கொண்டே இருந்தது. எண்பது, தொண்ணூறு, நூறு. இன்னும் நாற்பதுதான்.

நூற்றுப் பதினேழு வரவில்லை. ஒற்றைக் கேன்காரர் கேன் இல்லாமல் மேடையேறி வந்தார். கேன்காரர்கள் காலையில் வந்ததும் சுவர் ஆணியில் மாட்டுகிற நம்பர்த் தகடு மட்டும் கையில் இருந்தது.

"தகடைக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்மா," என்றார். "மூணு நாளா உங்களுக்கு வீண் சிரமம். மாட்டை இன்னைக்குக் குடுத்துடுறேன். பத்து மணிக்கு வண்டி வருது."

"யாருக்குக் குடுக்கறீங்க?"

"கறிக்குத்தான். நோய்ப்பட்ட மாட்டை வேற யார் வாங்குவா?"

அவள் கையிலிருந்த மூடி கேன்மேல் விழுந்து உருண்டது.

"என்ன நோய்? யார் சொன்னா?"

"நீங்கதானேம்மா மூணு நாள் தள்ளினீங்க. பால் கெட்டுப்போகுதுன்னா மாட்டுக்குள்ள ஏதோ கோளாறு."

அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "ஏன்யா, உங்களுக்கு மூக்கு இல்லையா? உங்க பாலை நீங்க ஒரு தடவை மோந்து பாக்க மாட்டீங்களா?"

"பாத்தேனே," என்றார் அவர், குற்றவாளிபோல. "எனக்கு நல்லாத்தான் மணந்துச்சு. புள்ளைங்களும் நல்லாருக்குன்னுதான் சொன்னாங்க. ஆனா நீங்க தள்ளிட்டீங்களே. அதான் எங்க மூக்குலதான் தப்புன்னு எல்லாத்தையும் கீழ ஊத்திட்டேன்."

மேடையில் அவள் அதுவரை யாரிடமும் வாங்காத அடி அது. அடித்தவருக்கு அடித்தது தெரியவில்லை. அவள் மேலாளரைப் பார்த்தாள். மேலாளர் கண்ணாலேயே 'வேண்டாம்' என்றார். அதிகாரி தாளில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். சுவர்க் கடிகாரத்தில் ஒன்பதரை.

"எனக்கு ஒன்பது நாளா ஒரு வாசனையும் தெரியாது," என்றாள் அவள், மேடை முழுக்கக் கேட்கும்படி. "உங்க பால் நல்ல பாலா கெட்ட பாலான்னு எனக்குத் தெரியாது. நீங்க சண்டை போட மாட்டீங்கன்னுதான் தள்ளினேன். போங்க, போய் வண்டியை நிறுத்துங்க!"

மேலாளர் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். "தலைவலியில பேசுது சார். அது ஒண்ணும் இல்ல, சளிதான்..."

"சளிதான்! சளிதான்! இன்னொரு தடவை யாராவது சளிதான்னு சொன்னீங்க, நடக்கறது வேற!"

ஒற்றைக் கேன்காரர் மட்டும் அசையவில்லை. அவர் முகத்தில் இரக்கம் வந்திருந்தது.

"பரவாயில்லம்மா," என்றார் மெதுவாக. "மாடு போகுதேன்னு என்மேல பரிதாபப்பட்டுச் சொல்றீங்க. உங்க மூக்கு தப்பாது, ஊருக்கே தெரியும். என் ஒரு மாட்டுக்காக நீங்க வேலையைக் கெடுத்துக்காதீங்க."

இப்படியும் ஒரு மனிதனா! பொய் சொன்னபோது மூன்று நாள் கண்ணை மூடிக்கொண்டு நம்பினான். உண்மையைச் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறான். அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. மேடைக் கடைசியில், ஒரு வாரமாகச் சிந்திய பாலைத் துடைத்துப் பிழிந்து ஊற்றிவைத்த வாளி ஒன்று மூடிக் கிடந்தது. அவள் நேரே போய் அதன் மூடியைத் திறந்தாள்.

நாற்றம் மேடையை அடித்துத் தூக்கியது. எடை போடுகிற பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஓடினாள். அதிகாரி தாள் அட்டையால் மூக்கை மறைத்துக்கொண்டு குமட்டினார். அவள் வாளிமேல் குனிந்தாள். முகமே வாளிக்குள் போகும் அளவுக்குக் குனிந்தாள். நெற்றி வெடித்துவிடும்போல் வலித்தது, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அடைத்துக் கிடந்த மூக்கால் முடிந்த மட்டும் இரண்டு மூச்சு, வாயால் மூன்று மூச்சு இழுத்தாள். குமட்டவில்லை. முகம்கூடச் சுளிக்கவில்லை.

வாளிக்குள்ளிருந்தே கேட்டாள்: "இப்ப நம்பறீங்களா?"

தகடு தரையில் விழுந்து ஒலித்தது. சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்ட சத்தமும் கேட்டது. நிமிர்ந்தபோது ஒற்றைக் கேன்காரர் வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் அவ்வளவு வேகமாக மிதித்து அவள் பார்த்ததே இல்லை.

அதிகாரி வெளியே போய் நின்றுகொண்டு பேனாவைத் திறந்தார். என்ன எழுதப்போகிறார் என்று அவளுக்குப் படித்துச் சொல்லவேண்டியதில்லை. ஆறு வருடம் போயிற்று. ஆத்திரம் பொங்கியது, மேலாளர்மேல், கணவன்மேல், அந்தப் பலகைமேல். எல்லாவற்றையும்விடச் சாக்குக்கட்டி பிடித்த தன் கைமேல்.

ஏப்ரனைக் கழற்றி அதிலேயே மூக்கைச் சிந்தினாள். கீழே கிடந்த தகட்டை எடுத்துத் துடைத்து, சுவரில் நூற்றுப் பதினாறுக்கும் நூற்றுப் பதினெட்டுக்கும் நடுவில் காலியாக இருந்த ஆணியில் மாட்டினாள்.

"இந்தக் கேன் நாளைக்கு வரும்," என்றாள் மேலாளரிடம். "யாரை வேணும்னாலும் நிறுத்துங்க. ஆனா பாலை மோந்து பாத்துட்டு அவங்களைச் சொல்லச் சொல்லுங்க."