பேச்சிராஜ் வீட்டில் ஆறாத டீ

கவிப்பிரியா இறந்து பதினான்கு மாதமாகியும் அவள் பாதி குடித்து வைத்துப்போன டீ ஆறவில்லை. முதல் வாரம் பென்னலூர்க்காரர்கள் டம்ளரைத் தொட்டுப் பார்க்க வந்தார்கள். பிறகு அவரவர் ஷிப்டுக்குப் போய்விட்டார்கள்.

அவள் கணவன் பேச்சிராஜ் கோவில்பட்டிப் பக்கம், பி.எஸ்சி. படித்தவன். ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் ஆலையொன்றில் தரம் பார்க்கிறவன். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இரண்டு ஆங்கிலச் சொற்களை விளக்குவதும் அவன் வேலை. நிறுத்திவை என்னும் ஹோல்டுக்கு மஞ்சள் அட்டை, கழித்துவிடு என்னும் ரிஜெக்டுக்குச் சிவப்பு அட்டை. பொருள் உற்பத்தி லைனுக்குப் போகாது என்றுதான் இரண்டும் சொல்கின்றன. ஆனால் ஹோல்ட் என்பது வினை, முடியாமல் நிற்கும்; அதன் அட்டையில் ‘எதுவரை’ என்றொரு கட்டம் உண்டு. ரிஜெக்ட் ஆனதற்கோ அந்தச் சொல்லே பெயராகிவிடும். கட்டம் கிடையாது. மஞ்சள் அட்டையை ஒட்டியவனைத் தவிர வேறு யாரும் எடுக்கக் கூடாது.

சிங்கப்பெருமாள் கோவில் சாலையில் ஷேர் ஆட்டோ கவிழ்ந்து அவள் போனாள். தகனம் முடிந்து வந்தவன், சொந்தக்காரர்கள் டம்ளரைக் கழுவிவிடக் கூடாதென்று சட்டைப்பையிலிருந்த மஞ்சள் அட்டையை அதில் ஒட்டினான். எதுவரை: கவிப்பிரியா வரும்வரை. பழக்கத்தில் கையெழுத்தும் போட்டான்.

அன்றிலிருந்து அவனுக்குத் தாடி வளரவில்லை. சுவரில் பல்லி ஒரே இடத்தில் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரம்மா சந்திரம்மாளின் மருமகள் சுபஸ்ரீக்கு அப்போது ஒன்பது மாதம். இப்போதும் வலி வரவில்லை. அவள் முனகுவது அவனுக்குக் கேட்கும். கேட்காததுபோல் இருந்தான்.

சந்திரம்மாள் ஒருநாள் உள்ளே வந்து அட்டையை உரிக்கப் பார்த்தாள். நகம்தான் உடைந்தது.

“இன்னாப்பா பேச்சி, ஆனைகூட இந்நேரம் குட்டி போட்ருக்கும். என் மருமவ இன்னும் வவுத்தப் புடிச்சிகினு குந்திகினு கீறா. எடுத்துடேன்பா.”

“எடுத்துட்டா அவ வர மாட்டாம்மா.”

“எடுக்காமயே வர்லியேப்பா.”

மறுநாள் ஷிப்ட் முடிந்து சிவப்பு அட்டையோடு வந்தான். மஞ்சள் அட்டை அவன் கைக்குச் சுலபமாக உரிந்து வந்தது. சிவப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டு ‘எதுவரை’ கட்டத்தைக் கொஞ்ச நேரம் தேடினான். டீயில் ஆடை படர்ந்தது. பல்லி ஓடியது. சுவருக்கு அந்தப் பக்கம் சுபஸ்ரீ கத்தினாள்.

ரிஜெக்ட் ஆனதை யாரும் உபயோகிக்கக் கூடாது. அவன் குடித்தான். அவள் போடுகிற மாதிரியே சர்க்கரை கம்மி.

பெண் குழந்தை, மூன்று கிலோ. கர்ப்பம் இருபத்து மூன்று மாதம் என்று சந்திரம்மாள் சொன்னதை நர்ஸ் அப்படியே எழுதிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். காலையில் பேச்சிராஜ் கடைக்குப் போய்ச் சவர பிளேடு வாங்கினான்.