மூன்று மாதக் காப்பீடு

சட்டைக் கம்பெனியில் பதினெட்டு வருடம் செக்கிங் பிரிவில் இருந்ததால் அவளை எல்லோரும் செக்கிங் அக்கா என்றே கூப்பிட்டார்கள். காலர், கை, பட்டன், தையல் என்று ஒவ்வொன்றுக்கும் கட்டம் போட்ட தாள் ஒன்று அவள் கையில் இருக்கும். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் சட்டைக் கட்டு மொத்தமும் திரும்பி வந்துவிடும். எந்தத் தாளைக் கண்டாலும் கட்டம் விடாமல் எழுதுவது அவளுக்கு ஊறிப்போன பழக்கம்.

கம்பெனியை மூடியபோது வேலையோடு குடும்பத்துக்கான மருத்துவக் காப்பீடும் போய்விட்டது. வேறொரு கம்பெனியில் வேலை கிடைத்தது. ஆனால் சேர மூன்று மாதம் ஆகும் என்றார்கள். நடுவில் ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால் யார் பார்ப்பது? வேலை மாறுகிறவர்களுக்கென்று விற்கும் மூன்று மாதக் காப்பீடு ஒன்றை எடுத்தாள். விண்ணப்பத்தில் நாற்பத்திரண்டு கட்டங்கள். மற்றவர்கள் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்து ‘இல்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். இவள் அப்படிப் போகிறவளா? கணவருக்கு ‘முன்பு வயிற்று வலி வந்ததுண்டா’ என்று கேட்டிருந்த கட்டத்தில், ‘உண்டு. நான்கு வருடம் முன், என் தம்பி கல்யாணத்தில் அளவுக்கு மீறிச் சாப்பிட்டதால், இரண்டு நாள்’ என்று மணிமணியாக எழுதினாள்.

அந்த ஒரு வரிதான் இப்போது வினையாக வந்து நின்றது. கணவர் டைல்ஸ் ஒட்டுகிறவர். பெட்டி பெட்டியாகத் தூக்கிச் சுமந்ததில் அடிவயிற்றில் குடலிறக்கம். குடல் சிக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து, தள்ளிப்போடாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாளை மறுநாள் ஆபரேஷன். இன்று மாலை ஐந்து மணிக்குள் காப்பீட்டு அனுமதிக் கடிதம் வராவிட்டால் ஆஸ்பத்திரியில் அந்த நாளை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அடுத்த தேதி கிடைப்பதற்குள் மூன்று மாதமும் முடிந்துவிடும். காப்பீட்டு அலுவலகமோ, ‘வயிற்று வலி பழைய நோய், ஆகவே அனுமதி இல்லை’ என்று ஒரே வரியில் கைகழுவிவிட்டது. கல்யாண வீட்டு அஜீரணத்துக்கும் குடலிறக்கத்துக்கும் முடிச்சுப் போட்ட புத்திசாலி யார் என்று பார்க்கத்தான் மூன்று மணிக்கே அங்கே போய் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியில் கணவர், அடிவயிற்றைக் கையால் அழுத்திப் பிடித்தபடி.

அரை மணி நேரம் காக்கவைத்துவிட்டு அதிகாரி கூப்பிட்டார். பேச்சில் மட்டும் தேன் ஒழுகியது.

“நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களேம்மா. இந்தக் கட்டத்தச் சும்மா விட்டிருந்தா ஒரு பிரச்சனையும் இல்ல.”

“அப்ப மறைச்சிருந்தா குடுத்திருப்பீங்க. உண்மையச் சொன்னதுக்குத்தான் இந்தத் தண்டனை.”

“அப்படி இல்லம்மா. ரூல்ஸ்னு ஒண்ணு இருக்கில்ல.”

“அதத்தான் நானும் படிச்சிட்டு வந்திருக்கேன்.”

பாலிசிப் புத்தகத்தின் பதினோராம் பக்கத்தைப் பிரித்து மேசைமேல் வைத்தாள். விண்ணப்பத்தில் சொன்ன நோய் எதையாவது விலக்குவதாக இருந்தால் பத்து நாளைக்குள் எழுத்தில் தெரிவிப்போம் என்று அவர்களே அச்சடித்திருந்தார்கள். பொடி எழுத்துதான். பதினெட்டு வருடம் தையலைப் பார்த்த கண்ணுக்கு அது எம்மாத்திரம்?

“எனக்கு அப்படி ஒரு கடிதமும் வரல. உங்க ஃபைலை எடுங்க, பாப்போம்.”

அதிகாரி வேண்டாவெறுப்பாக எடுத்தார். விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில், ‘அலுவலக உபயோகத்துக்கு மட்டும்: மருத்துவ அதிகாரியின் கருத்து’ என்ற கட்டம். அதில் ஒரு புள்ளிகூட இல்லை. ஒருவரும் விண்ணப்பத்தைப் படித்துப் பார்க்கவே இல்லை. கட்டிய பணத்தை வாங்கிப் போட்டுக்கொண்டு ஃபைலை அலமாரியில் தூக்கி வைத்திருக்கிறார்கள்.

“சின்ன விடுபாடும்மா. இப்ப எழுதிடலாம்,” என்று அவர் பேனாவை எடுத்தார்.

“தாராளமா எழுதுங்க. ஆனா இன்னைக்குத் தேதி போட்டு எழுதுங்க.”

பேனா அந்தரத்தில் நின்றது. இன்றைய தேதி போட்டால், பத்து நாளில் செய்ய வேண்டியதை பாலிசி எடுத்த எண்பதாவது நாள் செய்ததாக ஆகிவிடும். அதிகாரி ஃபைலைத் தூக்கிக்கொண்டு மேனேஜர் அறைக்குள் போனார்.

“விடு, போயிடலாம். எனக்கு வலி அவ்வளவா இல்ல,” என்றார் கணவர். நெற்றியெல்லாம் வியர்வை.

“சும்மா இருங்க. வலிச்சா வலிக்குதுன்னு சொல்லுங்க. இங்க பொய் சொல்றதுக்கு ஏற்கெனவே ஆளு இருக்கு.”

நாலு நாற்பதுக்குக் கடிதம் வந்தது. கையெழுத்துக்குப் பேனாவைக் கணவரே எடுத்து நீட்டினார். அவள் வாங்கவில்லை. படித்தாள். ‘கருணை அடிப்படையில், சிறப்புச் சலுகையாக அனுமதிக்கப்படுகிறது.’

“இது என்ன?”

“வழக்கமாப் போடறதும்மா. கையெழுத்துப் போடுங்க, நேரமாகுது.”

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். போட்டுவிட்டால் ஆபரேஷன் நடந்துவிடும், எழுந்து போய்விடலாம். ஆனால் சலுகையாகக் கொடுத்ததை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். ஆபரேஷனில் ஏதாவது சிக்கல் வந்து நாலு நாள் கூடுதலாகப் படுத்தால், காட்டிய கருணை போதும் என்று கையை விரிப்பார்கள். அதைவிட, யாரிடம் யார் கருணை கேட்டது என்று நினைக்கும்போது அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நான் இங்க பிச்சை கேட்டு வரல. கட்ட வேண்டியதக் கட்டினேன், உள்ளத உள்ளபடி எழுதினேன். கருணைய எடுங்க. பாலிசி விதிப்படின்னு போடுங்க.”

“அஞ்சு மணி ஆகப்போகுதும்மா. அப்புறம் எங்களச் சொல்லாதீங்க.”

“உங்களத்தான் சொல்லுவேன். ஒரு வார்த்தைய மாத்த மாட்டேன்னு இவர வலியோட உக்கார வெச்சீங்கன்னு சொல்லுவேன்.”

அதிகாரி அவளை விட்டுவிட்டுக் கணவரைப் பார்த்தார். ஆம்பிளைக்குப் புரியும் என்ற நினைப்பு.

“நீங்களாவது சொல்லுங்க சார்.”

கணவர் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார்.

“வலிக்குது சார். நல்லாவே வலிக்குது. ஆனா அவ சொல்ற வார்த்தை வர்ற வரைக்கும் இங்கதான் இருப்பேன்.”

ஐந்தாக நான்கு நிமிடம் இருக்கும்போது ‘பாலிசி விதிப்படி’ என்ற கடிதம் ஆஸ்பத்திரிக்குப் போனது. அதில்தான் அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள்.