தம்பி வந்துபோன கடை

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. இதைவிடக் கௌரவமான காரணம் ஒன்றைச் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பாத்திரக்கடைக்காரர் மகன். சரக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிடு, விலையில் மட்டும் கை வை என்று பழக்கப்பட்டவன்.

வாரப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர் என்னிடம் மூன்று பக்கம் கேட்டார். வைரஸ் என்றால் என்ன, அம்மை குத்திக்கொள்வது எதற்கு, எல்லாம் ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி. நான் இப்படி ஆரம்பித்தேன்:

‘உயிருக்கும் உயிரற்றதற்கும் இடைப்பட்ட மங்கலான எல்லையில் உலவும் நுண்ணிய…’

ஆசிரியர் அந்த மூன்று புள்ளிகளிலேயே நின்றுவிட்டார். தாம்பரத்தில் ஜெபராஜ் என்று ஒருவர் சனிக்கிழமைகளில் இதைப் பற்றிப் பேசுகிறாராம். கூட்டம் வாசலைத் தாண்டி நிற்கிறதாம். ஒருமுறை கேட்டுவிட்டு வந்து எழுதுங்களேன் என்றார். எதிர்க்கடையில் விலை விசாரித்துவிட்டு வா என்று எங்கள் வீட்டில் யாரையாவது அனுப்பியிருந்தால் அன்றைக்கு அடுப்பு எரிந்திருக்காது.

போனேன். 1967, பங்குனி வெயில்.

2

ஜெபராஜ் நகரத்தில் ஓர் ஆய்வகத்தில் வைரஸ்களோடு வேலை செய்கிறவர். மின்சார ரயிலில் வந்து இறங்கி, ஒரு பள்ளிக்கூட ஹாலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார். பேசும்போது பேனா மூடியைத் திறந்து திறந்து மூடுவார். நல்ல உயரம். (உயரத்தை நான் குறிப்பிட வேண்டிய அவசியம் கதையில் இல்லை. எனக்கு உயரம் போதாது, அவ்வளவுதான்.)

அவர் சொன்னது இது. இந்தக் கிருமிக்குச் சொந்தமாகக் கடை கிடையாது, பட்டறை கிடையாது. உங்கள் கடைக்குள் நுழைந்து, உங்கள் ஆட்களை வைத்தே தன்னைப் போல ஆயிரம் செய்துகொண்டு, போகிறபோது கடையை இடித்துவிட்டுப் போகும். அப்படியானால் தடுப்பது எப்படி?

“உங்க ஊர்ல ஒரு குடைக்கடைக்காரர்” என்று ஆரம்பித்தார். ஒருநாள் காலை, போணி ஆகாத நேரம். ஒருவன் கம்பி ஒடிந்த குடையோடு வந்து, நேற்று இங்கேதான் வாங்கினேன், மாற்றிக்கொடு என்கிறான். முதல் வியாபாரமே சண்டையாக வேண்டாம் என்று கடைக்காரர் புதுக்குடையைக் கொடுத்துவிட்டார். ஒடிந்த குடை வேறு கடைச் சரக்கு என்பது அவன் போனபிறகுதான் தெரிந்தது. சில நாள் கழித்து அவனுடைய அண்ணன் வந்தான். ஆபீசுக்கு என்று சொல்லி ஒரு கட்டுக் குடையையே அமுக்கப் பார்த்தான். கடைக்காரர் முகச்சாயலைப் பார்த்தார், தம்பி நினைவுக்கு வந்தான், அண்ணனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்.

“அம்மை குத்தறவர் உங்க கையில விடறது பெரியம்மைக் கிருமியை இல்ல. அதுக்குத் தம்பி முறை ஆகற ஒண்ணை. தம்பிகிட்ட ஒரு குடை ஏமாந்துட்டா, அண்ணன்கிட்ட கடை தப்பிச்சுது.”

ஹால் சிரித்தது. நானும் சிரித்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு. என் மூன்று பக்கத்தையும் அந்த ஆள் ஒரு குடைக்குள் மடக்கி வைத்துவிட்டார்.

சிரிக்காதவர் ஒரே ஒருவர் இருந்தார். வாசலில், கக்கத்தில் கருப்புக் குடையோடு, மனைவியைக் கூட்டிப்போக வந்து நின்ற மனிதர். அந்த முகத்தை எனக்குத் தெரியும். பத்து வருஷ வாடிக்கைக்காரி எதிர்க்கடைப் பையோடு தெருவில் நடந்து போகும்போது எங்கள் அப்பா வைத்துக்கொள்ளும் முகம் அது.

பக்கத்திலிருந்தவர் என் காதில் சொன்னார்: “அவர்தான் சார் குடைக்கடை நசீருதீன் பாய்.”

3

இனி வருவதற்கு நான் சாட்சி இல்லை. கற்பனைச் சரக்கு, தட்டிப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆரம்பம் ஒன்று: ‘நசீருதீன் கோபத்தோடு வீட்டுக்கு…’ வேண்டாம். கோபம் இல்லை அது.

ஆரம்பம் இரண்டு: ‘இரும்புலியூரில் அவர்கள் வீட்டு விளக்கு அன்று வெகுநேரம்…’ விளக்கை எரியவிட்டுச் சோகம் காட்டுவது மலிவு.

ஆரம்பம் மூன்று. நசீருதீன் சாப்பிடவில்லை. மனைவி ஜஹீரா குழந்தை கலீலை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டு அமலராணி டீச்சரோடு மூன்று சனிக்கிழமையாக அவள் ஹாலுக்குப் போகிறாள். திரும்பி வந்தால் வைரஸ் பேச்சுதான். ஜெபராஜ் சார் சொன்னார், ஜெபராஜ் சார் காட்டினார். அதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டார். இன்று கேட்டார்:

“என் கடை சமாச்சாரம் அந்த ஹாலுக்கு எப்டி போச்சு?”

“நான்தான் சொன்னேன். போன வாரம் அவரு அவ்ளோ நேரம் பேசியும் யாருக்கும் புரியலைங்க. எழுந்து உங்க கதைய சொன்னேன், இது மாதிரியா சார்னு. அப்பதான் அவருக்கே புடிச்சுது.”

“நான் ஏமாந்த கதை. அது ஊர் சிரிக்கிறதுக்கா கீது?”

“ஏமாந்தத வுடுங்க. அண்ணங்காரனப் புடிச்சது எவ்ளோ கெட்டிக்காரத்தனம்.”

நசீருதீன் அவளையே பார்த்தார். “அத எங்கிட்ட ஒரு தடவை சொல்லியிருக்கியா நீ?”

[இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.]

சொன்னதில்லை. அவள் பதில் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் முடித்துவிட்டார்: அந்த ஆள் சொல்லுகிற ஊசி என் பிள்ளைக்கு வேண்டாம்.

4

இங்கே ஒரு சங்கடம். பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் இரண்டு வீடுகளில் வேப்பிலை சொருகியிருந்தது. பெரியம்மை. நடந்து போகிற தூரம். கலீலுக்கு இன்னும் குத்தவில்லை. இவ்வளவு தெரிந்த ஜஹீரா, புருஷன் கடைக்குப் போனதும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்க் குத்திவிட்டு வருவதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். அப்படியே ஒரு பக்கம் எழுதியும் பார்த்தேன். வாசல் படலைத் தாண்டமாட்டேன் என்றுவிட்டாள்.

அவளுடைய கணக்கு வேறு. அம்மை குத்தினால் சின்னக் கொப்புளம் வரும், காய்ச்சல் அடிக்கும். தம்பி வந்து போனதற்கு அடையாளம் அதுதான். திருட்டுத்தனமாகக் குத்திவிட்டு வந்தால் அந்தக் காய்ச்சல் அவள் தலையில் விடியும். பையனுக்கு நாற்பது வயதில் தும்மல் வந்தாலும் அன்றைக்கு நீ செய்ததுதான் என்பார். அவரே தூக்கிக்கொண்டு வர வேண்டும். அவரே கையைப் பிடிக்க வேண்டும்.

ஒரு பாத்திரம் என்னைவிட நன்றாகப் பேரம் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் அவள் சொன்னதுதான் சரி.*

* ‘பொறாமையும் ஒரு தொற்றுநோயே’ என்று இந்த இடத்தில் ஒரு வாக்கியம் வந்து நின்றது. பத்திரிகை ஆசிரியருக்கு மிகவும் பிடிக்கும். அதனாலேயே அடித்துவிட்டேன்.

5

அடுத்த சனிக்கிழமை. இதற்கு நான் சாட்சி. (பாதிக்கு.)

ஹாலின் ஓரத்தில் அம்மை குத்துகிற பொன்னுசாமி பெஞ்சு போட்டு உட்கார்ந்துவிட்டார். பேச்சு முடிந்ததும் அங்கேயே குத்திக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. ஜஹீரா குழந்தையோடு பெண்கள் பக்கம். நசீருதீன் இந்த முறை வாசலில் நிற்கவில்லை, உள்ளே, எனக்கு முன் வரிசையில். என்ன செய்ய வந்தார் என்பது அவருக்கே தெரிந்திருக்காது. கதையை மறுபடி சொன்னால் ரகளை செய்வது என்று வந்திருக்கலாம்.

ஜெபராஜ் மறுபடி சொன்னார். போணி, ஒடிந்த கம்பி, தம்பி, அண்ணன். “கடைக்காரர் முகச்சாயலைப் பார்த்தார்” என்ற இடம் வந்தபோது முன் வரிசை நாற்காலி கிறீச்சிட்டது.

“மூஞ்சி இல்ல சார்.”

ஜெபராஜ் பேனாவோடு நின்றார். “பின்னே?”

“தம்பி நெட்டை, செவப்பு. அண்ணங்காரன் குள்ளம், மீசை வேற. சாடையே கெடையாது. குடைய கையில வாங்கினதும் நுனிய தரையில ரெண்டு தட்டு. டொக்கு, டொக்கு. ரெண்டு பேரும். நான் கல்லாவுல குனிஞ்சிகினு இருந்தேன் சார், ஆளப் பாக்கவே இல்ல. அந்த சத்தத்துலயே புடிச்சேன்.”

சொல்லிவிட்டு, கக்கத்துக் குடையை எடுத்துத் தரையில் தட்டிக் காட்டினார். ஹால் வெடித்தது. போன வாரத்துச் சிரிப்பு இதற்கு முன்னால் வெறும் செருமல். பெண்கள் பக்கத்தில் ஒரு சிரிப்பு மற்றவற்றைவிடக் கொஞ்சம் தாமதமாக அடங்கியது. அதை அவர் திரும்பிப் பார்க்காமலே கேட்டார். அவருடைய காது அப்படிப்பட்டது என்று இப்போதுதானே சொன்னார்.

ஜெபராஜ் நியாயமான மனிதர். அதேதான் என்றார். உடம்பும் கிருமியின் முழு முகத்தைப் பார்ப்பதில்லை, மேலே இருக்கிற ஒரு மூலை, ஒரு மேடு, அதைப் பிடித்துக்கொண்டுதான் ஆளைக் கண்டுபிடிக்கிறது. அண்ணனுக்கும் தம்பிக்கும் அந்த மேடு ஒன்றாக இருந்தால் போதும் என்றார். அழகாகத்தான் சொன்னார். ஆனால் கூட்டம் அவரைப் பார்க்கவில்லை. பேனா மூடி திறந்து மூடியது, திறந்து மூடியது. அந்தச் சத்தம் எனக்குத் தேனாக இருந்தது.

பொன்னுசாமி கூப்பிட்டார். நசீருதீன் பெண்கள் பக்கம் போய்க் கலீலைத் தானே வாங்கிக்கொண்டார். பெஞ்சில் உட்கார்ந்தார். பையனின் சட்டைக் கையைச் சுருட்டினார். பொன்னுசாமி ஈரப் பஞ்சால் துடைத்து, ஊசியை எடுத்தார். அப்போது நசீருதீன் குழந்தையின் கையைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டு, ஜெபராஜைப் பார்த்துச் சொன்னார்:

“குத்திக்கலாம் சார். ஒரு பேச்சு மட்டும். இனிமே இந்தக் கதைய நீங்க சொல்லக் கூடாது. எங்க போனாலும் நான் வந்து சொல்லுவேன்.”

6

அடுத்த சனிக்கிழமை பேச்சு பீர்க்கன்கரணையில். சனிக்கிழமை மாலை குடைக்கடைக்கு உயிரான நேரம். நசீருதீன் இன்று வருவார், நாளை வருவாரா? வராவிட்டால் ஏரிக்கரை ஜனங்கள் முன்னால் ஜெபராஜ் வெறுங்கையோடு நிற்க வேண்டும், ‘மங்கலான எல்லையில் உலவும் நுண்ணிய’ என்று. ஆகவே ஜெபராஜ் உடனே தலையாட்டாமல் தயங்குவதில் நியாயமும் இருக்கிறது, பொறாமையும் இருக்கிறது. எது எவ்வளவு என்று எடை போட என்னிடம் தராசு இல்லை.

முடிவு அ: ஜெபராஜ் உடனே சிரித்துக்கொண்டு சம்மதிக்கிறார். கேட்ட விலைக்குக் கொடுக்கிற கடையில் எதையோ மறைக்கிறார்கள். நான் நம்பமாட்டேன்.

முடிவு ஆ: மறுக்கிறார். நசீருதீன் குழந்தையோடு எழுந்து போகிறார். அடுத்த மாதம் இரும்புலியூரில், அந்த வீட்டு வாசலில், ஒரு கொத்து… இல்லை. காகிதத்தைக் கிழித்துவிட்டேன். அந்தப் பையனை வைத்து உங்களிடம் கண்ணீர் வாங்க மாட்டேன்.

முடிவு இ: ஜஹீரா பேசுகிறாள். பெஞ்சுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறாள். ‘எங்கிட்ட ஒரு தடவை சொல்லியிருக்கியா’ என்று அன்றிரவு புருஷன் கேட்ட கேள்விக்கு அவள் இன்னும் பதில் சொல்லவில்லை. ஒரே ஒரு வாக்கியம், எல்லார் முன்னாலும், அவரைப் பார்த்து. அதைச் சொல்லிவிட்டால் நசீருதீனுக்குக் கதையின் உரிமை வேண்டியிருக்காது, ஜெபராஜிடமிருந்து எதையும் பிடுங்க வேண்டியிருக்காது. மூடிய உள்ளங்கை தானாகத் திறந்துவிடும்.

அந்த வாக்கியம் எனக்குத் தெரியும். நான்கு தடவை எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை. ஒரு குடைக்கடைக்காரருக்கு, ஹால் நிறைந்த சனத்துக்கு முன்னால், அவருடைய மனைவி வாயிலிருந்து அது கிடைப்பதா? இத்தனை வருஷம் எழுதுகிறேன், என் கதையைக் கேட்டு எங்கள் வீட்டில் யாரும் ஒரு தடவைகூட அப்படிச் சொன்னதில்லை.

7

ஆகவே இதை உங்கள் பக்கம் தள்ளுகிறேன். ஜஹீரா வாயைத் திறந்துவிட்டாள். வாக்கியத்தை நீங்கள் கொடுங்கள். உங்களுக்கு நசீருதீன்மேல் பொறாமை இருக்க நியாயமில்லை. நிதானமாக யோசியுங்கள் என்று மட்டும் சொல்ல மாட்டேன். பொன்னுசாமி ஊசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டிருக்கிறார். பையன் சிணுங்க ஆரம்பித்துவிட்டான். அப்பாவின் உள்ளங்கைக்கு அடியில் அந்தச் சின்னக் கை இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது.