ஆபரேஷனுக்கு முந்தைய விருந்து

சண்முகவடிவு கண் விழித்தபோது வயிற்றில் அங்கங்கே பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. தொண்டை காய்ந்து கிடந்தது. நல்லபடியாக முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, கட்டிலருகே நின்ற மகள் கீதாவைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள். கீதா சிரிக்கவில்லை.

"பண்ணலம்மா," என்றாள். "சின்னதா ஓட்டை போட்டு கேமரா விட்டுப் பாத்தாங்களாம். லிவர் ரொம்பப் பெருத்துக் கெடக்காம். அதத் தூக்குனா ரத்தம் கொட்டிரும்னு அப்படியே தையல் போட்டுட்டாங்க."

ஏன் என்று சண்முகவடிவு கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும். கண்ணை மூடி, மயக்கம் இன்னும் தெளியாததுபோல் படுத்துக்கொண்டாள்.

மும்பை தாராவியில் ஒரு பெண் குண்டாக இருந்தால் அது அவளோடு நிற்கிற விஷயம் இல்லை. சந்துக்கே அதில் பங்கு உண்டு. ஷேர் ஆட்டோவில் அவள் ஏறினால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பெருமூச்சு விடுவார். பை தைக்கிற பட்டறையில் அவளுக்கென்று ஒரு இரும்பு ஸ்டூலைத் தனியாகப் போட்டுவிட்டு, அதை வைத்தே வருஷக்கணக்காகச் சிரித்தார்கள். கல்யாண வீட்டில் அவள் இலையில் எத்தனை கரண்டி விழுகிறது என்று பார்ப்பதற்கு நாலு பேர் இருப்பார்கள். அதனால் அவள் பந்தியில் பேருக்குக் கொறித்துவிட்டு எழுந்துவிடுவாள். வீட்டுக்கு வந்து, அடுப்பங்கரையில் நின்றபடியே, கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிடுவாள். கட்டிக்கொண்ட புருஷன் வேல்ராஜ்கூட அவள் வயிறாரச் சாப்பிட்டுப் பார்த்திருக்க மாட்டான்.

சர்க்கரை ஏறியது. முழங்கால் போனது. மேல் அறைக்குப் போகிற இரும்பு ஏணியில் ஏற முடியாமல், அவள் மட்டும் கீழே பாத்திரங்களுக்கு நடுவில் படுத்தாள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. வாஷியில் ஒரு ஆபீசில் வேலை பார்க்கும் கீதாதான் லீவு போட்டு அலைந்து, செம்பூரில் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியைப் பிடித்தாள். இரைப்பையைச் சின்னதாக்கும் ஆபரேஷன். வரிசையில் பல மாதம் காத்திருந்து கிடைத்த இடம்.

டாக்டர் வந்தனா வளைத்துப் பேசுகிற ஆள் இல்லை. தமிழ் கேட்டால் புரியும், பேச வராது; ஹிந்தியில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். இரைப்பைக்கு மேலே லிவர் கவிந்து கிடக்கிறது, அதில் கொழுப்பு ஏறியிருக்கிறது. ஆபரேஷனுக்கு முன்னால் இரண்டு வாரம் சோறு, கறி, இனிப்பு எதுவும் ஆகாது. புரோட்டீன் பவுடர் கலக்கிய தண்ணீர், மோர், காய்கறி சூப் மட்டும். அப்போதுதான் லிவர் சுருங்கும், அதை ஒதுக்கிவிட்டு இரைப்பையில் கைவைக்க முடியும். இந்த ஆபரேஷன் மந்திரம் இல்லை, முடிந்த பிறகும் ஆயுசுக்கும் கொஞ்சமாகத்தான் சாப்பிட வேண்டும், சத்து மாத்திரையை விடக் கூடாது. எல்லாவற்றுக்கும் சண்முகவடிவு தலையாட்டினாள். தலையாட்டும்போது அவள் பொய் சொல்லவில்லை.

கெடுத்தது பிரியம்தான். வேல்ராஜின் அக்கா விஜயலட்சுமி சீத்தா கேம்பிலிருந்து வந்து இறங்கினாள். கையில் மீன் குழம்பும் சோறும்.

"இனிமே நம்ம வடிவு காக்கா கொத்துத மாதிரிதான் திங்கணுமாம். பிள்ளத்தாச்சிக்கு ஆளுக்கு ஒரு நாள் பொங்கிப் போடுதோம்லா? இவளுக்குப் போட்டா என்ன? ஆசையா நாலு வாய் தின்னுட்டுப் போகட்டும்."

"வேண்டாம் மதினி, டாக்டரம்மா சூப்புதான் குடிக்கணும்னு சொல்லிருக்கு."

"டாக்டர் ஆயிரம் சொல்லுவா. உள்ள போனா வெளிய வாரது யாரு கையில இருக்கு? நாளைக்கி ஒனக்கு ஒண்ணுன்னா, ஒரு வாய் சோறு போடலயேன்னு எனக்குல்லா மனசு அறுக்கும்."

சண்முகவடிவு உட்கார்ந்தாள், சாப்பிட்டாள். சந்துக்குள் சேதி பரவியது. அடுத்த நாள் பக்கத்து வீட்டுச் சுலைகா நெய்ச்சோறும் கறியும் கொண்டுவந்தாள். அதற்கு அடுத்த நாள் பட்டறைக்காரிகள் முந்திரிக்கொத்தும் அதிரசமுமாக வந்தார்கள். கீதா வேலைக்குப் போயிருக்கிற மதிய நேரமாகப் பார்த்து வந்தார்கள். அந்தப் பிள்ளை சண்டை போடும் என்று எல்லோருக்கும் தெரியும்.

மறுத்தால் மனம் நோகும் என்பது உண்மைதான். ஆனால் அது பாதி உண்மை. மீதி என்னவென்றால், இத்தனை வயதில் முதல் தடவையாக நாலு பேர் சுற்றி உட்கார்ந்துகொண்டு "இன்னும் கொஞ்சம் வை, அவளுக்கு அந்தப் பெரிய துண்டப் போடு" என்றார்கள். யாரும் அவள் தட்டை முறைக்கவில்லை. யாரும் ஸ்டூல் கதையை எடுக்கவில்லை. அவள் தரையில் சம்மணம் போட முடியாமல் காலை நீட்டி உட்கார்ந்து, விரலை நக்கி, வாய்விட்டுச் சிரித்துச் சாப்பிட்டாள். சாப்பிட்ட பிறகு மகள் கலக்கி வைத்துப் போன புரோட்டீன் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றினாள். ஊற்றும்போதெல்லாம் நாளையிலிருந்து சரியாக இருந்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொள்வாள்.

ஆஸ்பத்திரியில் சேர்க்கிற அன்று டாக்டர் கேட்டார், சொன்னபடி இருந்தீர்களா என்று. சண்முகவடிவு வாயைத் திறப்பதற்குள் கீதா முந்திக்கொண்டு, "நானே பாத்துக்கிட்டேன் டாக்டர், சூப் மட்டும்தான்" என்றாள். மகள் இவ்வளவு நம்புகிறாளே என்று சண்முகவடிவுக்கு உடம்பு கூசியது. அந்தக் கூச்சத்திலும் வாய் திறக்கவில்லை.

இப்போது அறைக்கு வெளியே சத்தம் கேட்டது. கண்ணை மூடிப் படுத்திருந்தவளின் காதில் எல்லாம் விழுந்தது. வேல்ராஜ் வந்திருந்தான். அக்காவும் அவள் புருஷன் இசக்கிப்பாண்டியும் வந்திருந்தார்கள். இசக்கிப்பாண்டி ஊர்ச் சங்கத்தில் பெரிய தலை. எங்கே போனாலும் நூறு பேர் பின்னால் நிற்பதுபோலப் பேசுவார்.

"வயித்துல ஓட்டையப் போட்டுட்டு ஒண்ணுமே பண்ணலன்னா என்ன அர்த்தம்? ஏழைன்னா வெளாட்டா? நாளைக்கே சங்கத்து ஆளுகளக் கூட்டிட்டு வந்து ஆஸ்பத்திரி கேட்டுல உக்காருதோமா இல்லயான்னு பாருங்க!" என்று தமிழில் தொடங்கி ஹிந்திக்குத் தாவினார்.

டாக்டர் வந்தனா அமைதியாகத்தான் பதில் சொன்னார். "இரண்டு வாரம் சூப் மட்டும் குடித்தவரின் லிவர் இப்படி இருக்காது. நான் கேட்டேன். உங்கள் பெண்தான் உறுதி சொன்னாள்."

பிறகு வேல்ராஜின் குரல் வந்தது. "ஏட்டி, நீதான பாத்துக்கிட்டேன்னு சொன்ன? என்னத்தப் பாத்த? இந்த ஆஸ்பத்திரியப் புடிச்சவளும் நீதான். அம்மையக் கெடுத்துட்டு மரம் மாதிரி நிக்க. ஆபீசுக்குப் போனா பெரிய இவன்னு நெனப்பா?"

கீதா ஒரு வார்த்தை பேசவில்லை. சண்முகவடிவு காத்திருந்தாள். மதினி ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தாள். முதல் சோறு போட்டவள் அவள்தானே. மதினியின் வளையல் சத்தம் மட்டும் கேட்டது, வாய்ச் சத்தம் கேட்கவில்லை.

அவள் சும்மா படுத்திருந்தால் போதும். இரண்டு நாளில் சண்டை அடங்கும், ஆஸ்பத்திரிக்காரர்கள் மோசம் என்று பேச்சு முடியும். சொன்னால், சாகிற வரைக்கும் ஒரு பெயர் நிற்கும்: ஆபரேஷனுக்குப் போகிற சமயத்திலும் வாயைக் கட்டாதவள். அந்தப் பெயருக்குப் பயந்துதான் இத்தனை வருஷம் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டாள்.

வெளியே வேல்ராஜ் மறுபடியும், "வாயத் தொறட்டி!" என்று கத்தினான்.

சண்முகவடிவு கையை ஊன்றி எழுந்தாள். வயிறு சுரீர் என்றது. நர்ஸ் "அரே, லேட்டோ, லேட்டோ" என்று படுக்கச் சொல்லி ஓடிவந்தாள். அவள் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி அங்கி அவளுக்குப் பற்றவில்லை, பின்பக்கம் முடிச்சுப் போட முடியாமல் விரிந்து கிடந்தது. ஒரு கையால் அதைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் சலைன் தொங்கும் கம்பியை உருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வராண்டாவில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவள ஏசாதீங்க. நான்தான் தின்னேன்," என்றாள்.

வேல்ராஜுக்கு விளங்கவில்லை. "என்னத்தத் தின்ன?"

"எல்லாந்தான். சோறு, மீனு, கறி, அதிரசம். டாக்டரம்மா மேல ஒரு தப்பும் இல்ல. பவுடர் தண்ணிய நான் கீழ ஊத்திட்டேன்."

இசக்கிப்பாண்டி விடவில்லை. "யாரு ஒனக்குக் குடுத்தது? சொல்லு தாயி, நான் கேக்கேன்."

சண்முகவடிவு மதினியைப் பார்த்தாள். விஜயலட்சுமி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், முகம் சிவந்து சுருங்கிப்போயிருந்தது. ஒரு பெயரைச் சொன்னால் போதும், பாரம் பாதி இறங்கிவிடும்.

"யாரும் ஊட்டிவிடல அண்ணே. என் கையாலதான் அள்ளித் தின்னேன். ஆசையாத்தான் தின்னேன்."

பக்கத்து வார்டுப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். யாரோ சிரித்ததுபோல் இருந்தது. அவளுக்கு அப்படியே பூமிக்குள் போய்விட மாட்டோமா என்றிருந்தது. டாக்டர் வந்தனாதான் அருகில் வந்து, விரிந்து கிடந்த அங்கியை ஒரு போர்வையால் மூடி, உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

"இதை நேற்றே சொல்லியிருந்தால் உங்கள் வயிற்றில் ஓட்டை போட்டிருக்க மாட்டேன்," என்றார். திட்டாமல் சொன்னது திட்டியதைவிடச் சுட்டது. "தையல் ஆறட்டும். மறுபடி சூப்பிலிருந்து ஆரம்பிக்கலாம். ஆனால் என்ன சாப்பிட்டாலும் என்னிடம் மறைக்கக் கூடாது. உங்களைக் கேலி பண்ணுவதற்காக நான் கேட்கவில்லை, உங்கள் உயிருக்காகக் கேட்கிறேன்."

அவர் போன பிறகு கீதா வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். வெளியே ஆட்கள் கலைந்துவிட்டார்கள். விஜயலட்சுமி உள்ளே வராமலே போய்விட்டாள்.

"என்ன மன்னிச்சிருட்டி," என்றாள் சண்முகவடிவு. "நீ நம்பி டாக்டர்ட்டச் சொன்ன. ஒன் மானத்த வாங்கிட்டேன்."

"நம்பிச் சொல்லல," என்றாள் கீதா.

சண்முகவடிவு மகளைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியும்மா. சுலைகா அத்தை நெய்ச்சோறு கொண்டுவந்தாங்கள்ல, அன்னிக்குத் தலைவலின்னு சீக்கிரம் வந்துட்டேன். வாசல்ல நின்னு பாத்தேன். நீ எல்லாரு நடுவுலயும் உக்காந்து சிரிச்சுக்கிட்டே சாப்பிட்ட. நீ அப்படிச் சாப்பிட்டு நான் பாத்ததே இல்லம்மா. உள்ள வந்து அதக் கெடுக்க எனக்கு மனசு வரல. திரும்ப ஸ்டேஷனுக்குப் போய் பெஞ்சுல உக்காந்துட்டு வழக்கமா வார நேரத்துக்கு வந்தேன்." அவள் அம்மாவின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். "டாக்டர்ட்ட நான் தெரிஞ்சேதான் பொய் சொன்னேன். இடம் போயிருமேன்னு பயந்து சொன்னேன். ஆபரேஷன் டேபிள்ல நீ செத்துருந்தா?"

இத்தனை வருஷம் யார் கண்ணுக்கும் படாமல் சாப்பிட்டவளை மகள் பார்த்திருக்கிறாள். அந்த நினைப்பில் சண்முகவடிவின் உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக வேறொன்று அவளை அறுத்தது. தான் சந்தோஷமாக இருந்ததை மகள் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள், அதுவும் வாசலில் நின்று.

"நீ உள்ள வந்திருக்கணும்ட்டி," என்றாள். "வந்து தட்டப் புடுங்கியிருக்கணும்."

கீதா தலையைக் குனிந்துகொண்டாள். சண்முகவடிவும் குனிந்துகொண்டாள். ஒருவர் முகத்தை ஒருவர் நிமிர்ந்து பார்க்க இருவருக்கும் வெகுநேரம் முடியவில்லை.