தூணில் எழுதிய விளம்பரம்

பாலம் விழுந்த மறுநாளே காரணம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. டீக்கடையில் தெரிந்தது, பனியன் கம்பெனி வாசலில் தெரிந்தது, அவிநாசி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்தவர்களுக்குக்கூடத் தெரிந்தது. தெரியாதவள் சித்ரகலா ஒருத்திதான். காரணத்தைக் கண்டுபிடித்து எழுதித் தர வேண்டியவளும் அவள்தான்.

நிலவியல் படித்துவிட்டு ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறாள். விசாரணைக் குழு மண் மாதிரிகளை அங்கேதான் அனுப்பியிருந்தது.

நூற்றுப்பத்து வருடத்து ரயில் பாலம். மூன்று தூண், நான்கு செங்கல் வளைவு. ரயில் பாதை வேறு பக்கம் போய் நாற்பது வருடமாகிறது. தண்டவாளத்தைப் பெயர்த்த பிறகு ஊர்க்காரர்கள் அதையே ரோடாக வைத்துக்கொண்டார்கள். ஐப்பசி மழையில் பாலத்தடி ஓடைப் பள்ளம் நிறைந்து ஓடிய அன்று, கன்னையன் தன் குட்டியானை வண்டியில் துணி ரோல் ஏற்றிக்கொண்டு அருள்புரத்துக்குப் புறப்பட்டான். அக்கரை ஏறி வண்டியை ஓரம் கட்டுவதற்குள் நடுத்தூண் சாய்ந்து இரண்டு வளைவுகள் தண்ணீரில் விழுந்தன. யாருக்கும் காயமில்லை. ஆனால் கடைசியாகப் போன வண்டி அவனுடையது. அளவுக்கு மீறிய பாரம் என்று வழக்கு. லைசென்ஸ் ஸ்டேஷனில்.

அவன் தினமும் வந்து கூடத்துக்கு வெளியே நின்றான்.

“எண்ணூறு கிலோங்க. ரயிலு போன பாலமுங்க அது. நீங்களே சொல்லுங்க.”

அவள் அதைத்தான் விசாரணை அதிகாரி திருமூர்த்தியிடம் போனில் சொன்னாள்.

“ரயில் போனது அந்தக் காலம்மா,” என்றார் அவர். “வயசு, வெள்ளம், பாரம். மூணையும் எழுதி முடிச்சிடு.”

“பாரம்னு எழுதினா அந்த டிரைவருக்கு லைசென்ஸ் போயிரும் சார். ஜெயில்கூட...”

“மூணுல ஒண்ணுதானேம்மா.”

இதற்கு நடுவே தங்கதுரை வேறு. சுவரில் விளம்பரம் எழுதும் பெயின்டர். அன்றைக்கு மூன்றாவது முறையாக வந்திருந்தார்.

“ஏனுங் அம்மணி, பாலத்துல என்ற விளம்பரம் ரெண்டு தூண்ல இருந்துச்சு. ஒண்ணு போச்சு. பனியன் கம்பெனிக்கு நான் என்னன்னு பதில் சொல்றதுங்க?”

“அண்ணா, அதுக்கு இந்த ஆபீஸ் இல்லீங்க.”

“போட்டோவ மட்டும் பாருங்க. எப்பேர்ப்பட்ட எழுத்துன்னு தெரியும்.”

எழுதி முடித்ததும் சுவர் பக்கத்தில் நின்று படம் எடுத்து அனுப்பச் சொல்வது கம்பெனி வழக்கம். அவளுக்கு வந்த எரிச்சலில் போனைப் பிடுங்காத குறையாக வாங்கிப் படங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். பிறகு விரல் நின்றது. மறுபடி முதலிலிருந்து பார்த்தாள்.

2014இல் எடுத்த தூண் படத்தில் விளம்பரத்தின் கடைசி வரி தங்கதுரையின் முழங்காலுக்கு நேரே. 2018இல் நெஞ்சுக்கு. 2022இல் அவர் ஏணியில் நின்றார்.

“ஏணி எதுக்குங்கண்ணா?”

“எட்டலீங்களே.”

“மொதல்ல எட்டுச்சே?”

“அப்ப மண்ணு மேல இருந்துச்சுங்க. லாரி லாரியா அள்ளிட்டுப் போனா அது எங்கெ நிக்கும்? நான் பழைய எழுத்து மேலயேதானுங்க அடிக்கறேன். எழுத்து அங்கயேதான் இருக்குது, நாந்தான் கீழ போயிட்டேன்.”

“இத ஏன் யாருகிட்டயும் சொல்லல?”

“யாருங்க கேட்டாங்க? ஏணியத் தூக்கிட்டு வந்தப்ப ஊரே பாத்துச்சு.”

ஓர் எழுத்தின் உயரம் ஒன்றரை அடி. அதை வைத்துக் கணக்குப் போட்டாள். தரை ஆறடி இறங்கியிருந்தது. தூணின் அஸ்திவாரம் மண்ணுக்குள் இருந்ததே ஏழடிதான். மீதி ஓரடியை வெள்ளம் ஒரே நாளில் அரித்துவிட்டது. படங்களோடு நான்கு பக்கம் எழுதி அனுப்பினாள்.

“போட்டோவெல்லாம் ஆதாரமாகாதும்மா,” என்றார் திருமூர்த்தி. “வெள்ளமே ஆறடி அரிச்சிருக்கும்.”

“சார், இதெல்லாம் வெள்ளத்துக்கு முன்னாடி எடுத்த போட்டோ.”

“அதான் சொல்றேன். பழைய போட்டோ.”

அவள் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள்.

அவள் எழுதி அனுப்பிய பத்தாம் நாள் திருமூர்த்தி நேரில் வந்தார். தண்ணீர் வற்றிய பள்ளத்தில் தங்கதுரை, கன்னையன் உட்படப் பத்துப் பதினைந்து பேர் கூடினார்கள். கரையோரத் தோட்டக்காரர் ஆறுச்சாமியின் குரல்தான் ஓங்கியிருந்தது. “பாரமுங்க சார். அந்த வண்டி போறப்பவே பாலம் ஆடுச்சு. என்ற கண்ணால பாத்தேன்.” அவருக்குப் பின்னால் அவருடைய தோட்டம் செம்மண் கொட்டி மேடாகியிருந்தது.

அத்தனை ஆண்கள் முன்னால் வாதாடச் சித்ரகலாவுக்குக் கூச்சமாக இருந்தது. விளம்பரத்தோடு மிஞ்சி நின்ற தூணிடம் போனாள்.

“அண்ணா, கடைசி வரியத் தொடுங்க.”

தங்கதுரை குதிகாலைத் தூக்கிப் பார்த்தார். எட்டவில்லை. கன்னையன் அவரைவிட வளர்த்தி. அவனுக்கும் எட்டவில்லை.

“நீங்க தொடுங்க சார்.”

“நானா?”

“ஆமாங்க சார்.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். திருமூர்த்தி செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு மறுகையை நீட்டினார். ஒரு சாண் குறைந்தது. எம்பினார். அப்போதும் எட்டவில்லை.

“ஏம்மா, அப்ப ஏணியில்லாம மொதல்ல இத எப்படி எழுதினான்?”

“அதத்தான் சார் பத்து நாளா எழுதி அனுப்பறேன்!”

அவள் குரல் வளைவில் மோதித் திரும்பி வந்தது. அவளே திடுக்கிட்டாள்.

திருமூர்த்தி செருப்பை மாட்டிக்கொண்டார். உள்ளங்கைச் சுண்ணாம்பைத் தட்டிவிட்டு, அவளிடமே பேனா வாங்கி, தான் கொண்டுவந்த அறிக்கையில் ‘பாரம்’ என்ற சொல்லை அடித்தார். ‘வயது’ என்பதையும் அடித்தார்.

“மண்ண அள்ளினது யாரு?”

இவ்வளவு நேரம் ஆளுக்கொரு காரணம் சொன்ன கூட்டம் வாயைத் திறக்கவில்லை. ஆறுச்சாமி போனைக் காதில் வைத்துக்கொண்டு வரப்பேறினார். மணி அடித்ததாக யாருக்கும் கேட்கவில்லை.

கன்னையன் முன்னால் வந்தான். “அப்ப என்ற லைசென்ஸ்ங்க, சார்?”

“அறிக்கை ஸ்டேஷனுக்குப் போயிரும். நீ தனியா ஒரு மனு எழுதிக் குடு.”

“இன்னொரு மனுவுங்களா?”

அவன் சித்ரகலாவைப் பார்த்தான். அவள் பெருமூச்சு விட்டு, விழுந்து கிடந்த செங்கல் குவியலில் உட்கார்ந்து, நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள்.

“உங்கப்பா பேரு என்னங்கண்ணா?” என்றாள்.